குடிவழி வந்த காவல்

ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே கிணற்று நீரைப் பருகி, ஒரே காய்ச்சலுக்கு ஆளான இருவருள் ஒருவர் மூன்றாம் நாளே எழுந்து நடமாடுகிறார். மற்றவர் மூன்று வாரம் படுக்கையில் கிடக்கிறார். காரணம் கேட்டால், "அவரவர் உடல்வாகு" என்று நம் வீட்டு முதியோர் ஒரு சொல்லில் விடை கூறிவிடுவர். அவ்விடை பிழையன்று; ஆயினும் அது விடையின் தொடக்கமே ஆகும். உடல்வாகு என்பது யாது? அது உடம்பில் எங்கே பொதிந்து கிடக்கிறது? பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு அது எவ்வாறு வந்து சேர்கிறது? இவ்வினாக்களுக்கு எளிதில் விடை தரும் நோய்கள் சில உண்டு. விடை தர மறுக்கும் நோய்களும் உண்டு. அவற்றுள் கடுமையான ஒன்றாகிய மூளைப் புற்றுநோயை எடுத்துக்கொண்டு, இத்துறையில் அறிஞர் கண்டது எவ்வளவு, நாம் கொள்ளத்தக்கது எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

மூளையில் தோன்றும் கட்டிகள் பலவகை. வளர்ந்தோரிடம் மூளையிலேயே பிறக்கும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதும் மிகக் கொடியதும் கிளியோபிளாஸ்டோமா என்பதாகும். அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் இலட்சம் பேருள் ஏறத்தாழ மூவரை அது பற்றுகிறது. அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் வெட்டி எடுத்தாலும், அதன் அணுக்கள் நல்ல மூளைக்குள் வேர்போல் ஊடுருவி நிற்கும். ரோஜர் ஸ்டுப் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். கதிர் மருத்துவம் மட்டும் பெற்றோரின் நடு வாழ்நாள் 12.1 மாதம், அதனுடன் டெமோசோலமைடு என்னும் மருந்தையும் பெற்றோர்க்கு அது 14.6 மாதம். நடு வாழ்நாள் என்றால், பாதிப்பேர் அக்கால அளவுக்கு முன்னரும் பாதிப்பேர் அதற்குப் பின்னரும் இறந்தனர் என்பது பொருள். இரண்டரை மாத வளர்ச்சியைத்தான் மருத்துவ உலகம் மைல்கல் என்று கொண்டாடிற்று என்றால், இந்நோயின் கொடுமையை நீங்களே உணரலாம். ஆனால் அதே ஆய்வில் அம்மருந்து பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப்பேர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். ஒரே கட்டி, ஒரே மருத்துவம், ஒருவர்க்கு ஆறு மாதம், மற்றொருவர்க்கு ஆறு ஆண்டு. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதற்காரணம் கட்டியின் தன்மையே என்பதை முன்னரே சொல்லிவிட வேண்டும். சில கட்டிகளில், மருந்தால் உண்டாகும் சேதத்தைச் செப்பனிடும் மரபணு ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது. அத்தகைய கட்டி மருந்துக்கு எளிதில் பணிகிறது. இதனை மோனிகா ஹெகி என்னும் அறிஞர் அதே 2005-இல் காட்டினார். நோயாளியின் வயதும் பெரிதும் பயன்படும் ஒரு குறி. இவற்றிற்குப் பின்னரே நாம் ஆராய எடுத்துக்கொண்ட காரணம், அதாவது நோயாளி தம் தாய் தந்தையரிடமிருந்து பெற்ற காவலாற்றல், வரிசையில் வந்து நிற்கிறது. வரிசையில் பின்நிற்பது கருதத்தகாதது என்று எண்ணிவிடலாகாது; அதே போழ்து அதனை முன்னுக்கு இழுத்து நிறுத்துவதும் முறையன்று.

மூளைக்குள் உடற்காவல் புகுவதே இல்லை என்று நெடுங்காலம் கருதினர். இங்கிலாந்து நாட்டு அறிஞர் பீட்டர் மெடவார், 1948-இல் ஒரு முயலின் தோலைச் சிறிது வெட்டி வேறொரு முயலின் மூளையில் பதித்துப் பார்த்தார். உடம்பின் பிற இடங்களில் பதித்தால் சில நாட்களில் அழிந்துபோகும் அயல் தோல், மூளையில் நெடுநாள் தங்கிற்று. இக்கருத்து நூல்களில் ஏறிப் பல தலைமுறை மாணவர்க்குப் பாடமாயிற்று. ஆனால் அவர் கண்ட மற்றொரு செய்தியைப் பலர் மறந்தனர். அம்முயலின் உடம்பில் வேறிடத்தில் அதே அயல் தோலை முன்னரே பதித்து, அதன் காவலை விழிக்கச் செய்திருந்தால், மூளையில் பதித்த தோலும் அழிந்துபோயிற்று. கோட்டைக்குள் காவலர் தாமாகச் சென்று தேடுவதில்லை. பகைவன் இன்னான் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் மதிலையும் தாண்டிச் செல்வர் என்பதே அதன் பொருள். 2015-இல் வர்ஜீனியாவிலும் எல்சிங்கியிலும் இரண்டு குழுவினர் எலிகளின் மூளை உறையில் நிணநீர் நாளங்கள் உள்ளன என்று காட்டியபோது, மூளை தனித்தீவு என்னும் பழங்கருத்து மேலும் தளர்ந்தது. ஒரு நூலில் பாதி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்வதால் விளையும் கேட்டிற்கு மெடவாரின் முயல்கள் நல்ல சான்று.

இனி, அக்காவலர் பகைவனை எவ்வாறு அறிகின்றனர் என்பதைக் காண்போம். நெல் மண்டியில் வணிகர் மூட்டையை அவிழ்ப்பதில்லை. குத்தூசியைச் செருகி, அதன் பள்ளத்தில் வரும் சில மணிகளை உள்ளங்கையில் இட்டுப் பார்த்து, மூட்டை முழுவதையும் மதிப்பிடுவர். நம் உடம்பின் உயிரணுக்களும் இத்தகையதொரு ஏற்பாட்டை உடையன. உயிரணுவுக்குள் உண்டாகும் புரதங்களின் சிறு துண்டுகளை ஏந்திக்கொண்டு சில மூலக்கூறுகள் அணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. சுற்றித் திரியும் காவலணுக்கள் அத்துண்டுகளைத் தடவிப் பார்க்கின்றன. நல்ல துண்டு எனில் அப்பால் செல்கின்றன. நச்சுயிரின் துண்டோ புற்றுநோயால் திரிந்த துண்டோ எனில் அவ்வணுவைக் கொன்றுவிடுகின்றன. இம்மாதிரி காட்டும் மூலக்கூறுகளுக்கு எச்.எல்.ஏ. என்பது பெயர். பிரான்சு நாட்டு அறிஞர் ழான் தோசே 1958-இல் அவற்றுள் முதலாவதை இனங்கண்டார். 1980-இல் ஜார்ஜ் சுனெல், பாருச் பெனாசெரஃப் என்னும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குத்தூசியின் பள்ளம் எல்லார்க்கும் ஒரே வடிவில் அமைவதில்லை. நம்முடைய மரபணுக்களுள் மிகுந்த வேற்றுமை உடையவை இவையே; உலக மக்களிடையே எச்.எல்.ஏ. வகைகள் முப்பதாயிரத்துக்கு மேல் இதுவரை கணக்கிடப்பட்டுள்ளன. முதன்மையான மூன்று இடங்களில் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஆறு வகைகளை ஒருவர் பெறுகிறார். உடன்பிறந்த இருவர் இதில் முற்றும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு அண்ணனின் மச்சை தம்பிக்குப் பொருந்தாமற்போவது இதனாலேயே. ஒருவருடைய பள்ளத்தில் நன்கு பதியும் துண்டு மற்றொருவருடைய பள்ளத்தில் பதியாமல் நழுவிவிடும். நழுவிய துண்டைக் காவலணு காண்பதில்லை. காணாத பகைவனை அது கொல்வதும் இல்லை. இதனை 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோகர்ட்டி ஆகிய இருவர் எலிகளைக் கொண்டு தெளிவாக்கினர். மூளை உறையைத் தாக்கும் நச்சுயிர் ஒன்றையே அவர்கள் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். அவ்விருவர்க்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வாறாயின், நல்ல குத்தூசியைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர் மூளைக் கட்டியை வென்று நெடிது வாழ்வர் என்று முடிவு கட்டலாமா? ஏரண நூல் பயின்றவர் உடனே தயங்குவர். தயங்குவதற்குத் தக்க காரணமும் உண்டு. அதனை அறிய, ஒவ்வாமை பற்றிய ஒரு நீண்ட கதையைக் கேட்க வேண்டும்.

தும்மல், தடிப்பு, இழுப்பு முதலிய ஒவ்வாமைத் துன்பங்கள் உடையோர்க்கு மூளைக் கட்டி குறைவாகத் தோன்றுகிறது என்று பல நாட்டு ஆய்வாளர் கண்டனர். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2007-இல் பார்த்தபோது, குறைவு நூற்றுக்கு நாற்பது அளவில் இருந்தது. மிகையாக விழித்திருக்கும் காவல், தீங்கற்ற மகரந்தத்தோடு சண்டையிட்டாலும், கட்டியையும் முளையிலேயே கிள்ளிவிடுகிறது போலும் என்று பலர் எண்ணினர். ஆயினும் ஐயம் ஒன்று எழுந்தது. கட்டியே உடற்காவலை அடக்கும் இயல்பினது. ஆகவே ஒவ்வாமை கட்டியைத் தடுத்ததா, அன்றிக் கட்டி ஒவ்வாமையைத் தணித்ததா? மேலும் நோயாளியிடம் பழைய செய்திகளைக் கேட்டறிவதில் மறதியும் கலந்துவிடும். நார்வே நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நலமாயிருந்த பல்லாயிரவரிடம் 1970-களிலிருந்து பெற்ற குருதி நீரைக் குளிரில் உறையவைத்துப் பேழைகளில் காத்து வருகின்றனர். பின்னர் மூளைக் கட்டி கண்ட 594 பேரின் பழைய குருதியையும், கட்டி காணாத 1,177 பேரின் குருதியையும் எடுத்து, ஒவ்வாமைக்குரிய எதிர்ப்பொருளை அளந்தனர். 2012-இல் முடிவு வெளியாயிற்று. நோய் வெளிப்படுவதற்கு 20 ஆண்டு முன்பே அவ்வேறுபாடு காணப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வாமைக்கு ஏதுவான பிறவி மரபணுக்களையே அளவுகோலாகக் கொண்டு 2018-இல் செய்த பேராய்வில், அவை மூளைக் கட்டியைத் தடுக்கின்றன என்பதற்கு வலுவான சான்று கிட்டவில்லை. ஒவ்வாமையும் கட்டியும் ஏதோ மூன்றாவது காரணத்தால் இணைந்திருக்கலாம். அறிவியலில் இத்தகைய ஏமாற்றம் தோல்வியாகாது. இருபது ஆண்டு உழைத்துக் கட்டிய கருத்தை ஓர் ஆய்வு அசைக்கும்போது அதனை மறைக்காமல் அச்சிடுகின்றார்களே, அந்த நேர்மையைப் போற்றுவேன்.

நோய் யாரைப் பற்றும் என்பது ஒரு வினா. பற்றிய பின் யார் நெடிது வாழ்வர் என்பது வேறு வினா. பேச்சில் பலர் இவ்விரண்டையும் குழப்புகின்றனர். இரண்டாம் வினாவிற்கும் எச்.எல்.ஏ. வகைகளை வைத்து விடை தேடியவர் உண்டு. நூறு, நூற்றைம்பது நோயாளரைக் கொண்ட சிற்றாய்வுகளில் ஒரு வகை உடையோர் சிறிது நெடிது வாழ்ந்ததாகவும், வேறொரு வகை உடையோர் விரைவில் மாண்டதாகவும் கூறினர். ஓரிடத்தில் நல்லது எனப்பட்ட வகை வேறிடத்தில் அவ்வாறு தோன்றவில்லை. ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். காரணமே இல்லாத இடத்தும் இருபதில் ஒருமுறை தற்செயலாக ஒரு வேற்றுமை தோன்றும் என்னும் அளவை ஆய்வாளர் பொதுவாக ஒப்புக்கொள்கின்றனர். நாற்பது வகைகளைச் சோதித்தால், உண்மையான தொடர்பு ஒன்றும் இல்லாவிடினும், சராசரியாக இரண்டு வகைகள் தொடர்புடையனபோல் காட்சி அளிக்கும். அவ்விரண்டையும் செய்தித்தாள் தலைப்பில் இட்டால், மறுநாள் ஒரு குடும்பம் தேவையின்றி அழும். மற்றொரு குடும்பம் தேவையின்றி மகிழும்.

வேறு இடையூறுகளும் உள. கட்டியினால் வரும் மூளை வீக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து காவலணுக்களை அடக்குகிறது. கதிரும் டெமோசோலமைடும் அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், இந்நோயில் காவலணுக்கள் குருதியை விட்டு எலும்பு மச்சைக்குள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன என்று 2018-இல் காட்டினர். எவ்வளவு சிறந்த குத்தூசி இருந்தால் என்ன? மாதிரியைப் பார்க்க வணிகரே மண்டிக்கு வரவில்லையே! தோற்புற்று, நுரையீரற்புற்று ஆகியவற்றில் நிலைமை வேறு. காவலணுக்களின் தளையை அவிழ்க்கும் புது மருந்து பெற்ற 1,535 நோயாளரை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்றில், முதன்மையான எச்.எல்.ஏ. இடங்கள் மூன்றிலும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வேறுபட்ட வகைகள் உடையோர், ஏதேனும் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாக அமைந்தோரைவிட நெடிது வாழ்ந்தனர். அதே இனத்து மருந்தாகிய நிவோலுமாப், மீண்டும் தலைதூக்கிய கிளியோபிளாஸ்டோமாவில், ஒப்பிட்ட பழைய மருந்தைவிட வாழ்நாளை நீட்டவில்லை என்று 2020-இல் அறிவித்தனர். ஓர் உறுப்பில் மெய்யாயிருப்பது வேறோர் உறுப்பிலும் மெய்யாகும் என்று கொள்ளலாகாது.

ஆகவே, "உன் குடிவழி இது, ஆகையால் உனக்கு இத்தனை மாதம்" என்று எவரும் இன்று கணித்துச் சொல்ல இயலாது. சொல்பவர் சோதிடர் ஆவரேயன்றி மருத்துவர் ஆகார். மூளைக் கட்டி கண்டவரிடம் போய்த் தலையெழுத்து என்று ஆறுதல் கூறுவார் நம்மிடையே உளர். தலைக்குள் நோய் குடிகொண்டிருப்பவர்க்கு அச்சொல் எவ்வளவு கொடியதாகப் படும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. "அவர் குடும்பத்து இரத்தமே அப்படி" என்று பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவோரும் உளர். இந்நோய் பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவதன்று. தெருத்திண்ணைப் பேச்சில் ஒரு குடும்பத்தின்மேல் பழி சுமத்துவதற்கு மரபணு நூலைச் சான்றாக இழுப்பது அந்நூலுக்கே செய்யும் இழுக்காகும்.

அங்ஙனமாயின் இவ்வாய்வே வீணோ என்று நீங்கள் வினவலாம். வீணன்று. வாழ்நாளைக் கணிப்பதற்குப் பயன்படாத அறிவு, மருந்தைத் தேர்வதற்குப் பயன்படும். ஐரோப்பிய மருத்துவமனைகள் சில கூடிக் கிளியோபிளாஸ்டோமாவிற்கு ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஊசி மருந்து செய்து கொடுத்துப் பார்த்தன. கட்டியின் புரதத் துண்டுகளைக் காவலணுக்களுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டும் மருந்து அது. 2019-இல் முடிவை வெளியிட்டனர். அதனைப் பெற்றவர் 15 பேரே. ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் இரண்டு எச்.எல்.ஏ. வகைகளுள் ஒன்றேனும் உடையோர்க்கு மட்டுமே அவ்வாய்வில் இடம் உண்டு. காரணம் எளிது: அவ்வகைப் பள்ளங்களுக்குப் பொருந்தும் துண்டுகளையே அவர்கள் செய்திருந்தனர். ஆகவே குடிவழி இங்கே வாயிற்கதவாக அமைந்துவிட்டது. பொருந்தும் வகை உடையோர் உள்ளே செல்லலாம். இல்லாதார் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இவ்விடத்தில் எனக்கு ஒரு முறையீடு உண்டு. அக்கதவின் அளவை யார் வகுக்கின்றனர்? அவ்விரு வகைகளுள் ஏ2 குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று ஐரோப்பியரிடம் மிகப் பரவலாக உள்ளது. இந்திய மக்களிடம் அதே குடும்பத்தின் வேறு கிளைகள் மிகுதி. கிளை மாறினால் பள்ளம் சிறிது மாறும். பள்ளம் மாறினால் அதில் பதியும் துண்டும் மாறக்கூடும். நோய்களையும் பிறவி மரபணுக்களையும் இணைத்து ஆராயும் பேராய்வுகளில் பங்கு கொண்டோருள் நூற்றுக்கு 81 பேர் ஐரோப்பிய வழியினர் என்று 2016-இல் கணக்கிட்டனர். எந்த மக்களின் குருதியை ஆராய்ந்தார்களோ அம்மக்களுக்கே முதலில் மருந்து பொருந்தும். இதில் தீய எண்ணம் ஒன்றும் இல்லை. ஆயினும் விளைவு தீயது. குருதி கொடுக்க நாம் முன்வராமலும், கொடுத்ததைக் காத்து ஆராய நம் மருத்துவ நிலையங்கள் வசதி பெறாமலும் இருந்தால், கதவு மேலும் குறுகும்.

காசநோயும் வயிற்றுப்போக்கும் இருக்கும் நாட்டில், இலட்சத்தில் மூவரைப் பற்றும் நோய்க்காக இவ்வளவு பொருளும் உழைப்பும் வேண்டுமோ என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எச்.எல்.ஏ. வகையை ஒருமுறை அறிந்து வைத்தால் அது ஒரு நோய்க்கு மட்டும் உரிய செய்தியாக நின்றுவிடுவதில்லை. மூளைக் கட்டி உடையோர் பலர்க்கு வலிப்பு வரும். வலிப்பைத் தடுக்க உலகெங்கும் வழங்கும் மருந்துகளுள் கார்பமசெபின் ஒன்று. அரிதாகச் சிலர்க்கு அம்மருந்தால் மேனி முழுதும் கொப்புளித்துத் தோல் உரிந்து உயிருக்கே இடுக்கண் நேரும். இவ்வாறு துன்புற்ற 44 பேரைத் தைவான் தீவில் ஆராய்ந்தபோது, அனைவரும் எச்.எல்.ஏ. பி 15:02 என்னும் வகையை உடையவராய் இருந்தனர். மருந்தைத் துன்பமின்றித் தாங்கிய 101 பேருள் அவ்வகை உடையோர் மூவரே. 2004-இல் அது வெளியாயிற்று. அவ்வகை ஆசிய மக்கள் பலரிடம் காணப்படுவது. ஐரோப்பியரிடம் மிக அரிது. ஐரோப்பாவில் மட்டுமே தேடியிருந்தால் இதனைக் கண்டிருக்க மாட்டார்கள். பின்னர்த் தைவானில் கார்பமசெபின் பெறவிருந்த 4,877 பேரின் குருதியை முன்கூட்டியே சோதித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப்பேரிடம் அவ்வகை இருந்தது. அவர்களுக்கு வேறு வழி காட்டிவிட்டு, எஞ்சியோர்க்கு மட்டும் கார்பமசெபின் கொடுத்தனர். பழைய கணக்குப்படி ஏறத்தாழப் பத்துப்பேர்க்கு அக்கொடிய தோல்நோய் வந்திருக்க வேண்டும். 2011-இல் முடிவை அச்சிட்டபோது, ஒருவர்க்கேனும் அது வரவில்லை.